முப்பத்தாறு பேருக்கு ஒன்றரைக் கிலோ

23.11.2025, ஞாயிறு. பிற்பகல் 2.40.

இன்றைக்கு என் பக்கத்தில் ஒரு சிறு தவறு. மாலை எங்கள் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் பதினோரு பேர் வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பதினோரு பேர் இல்லை. பதினோரு குடும்பம். பட்டியலில் வரியை எண்ணினேன், தலையை எண்ணவில்லை. தலையை எண்ணினால் உபதேசியாரையும் சேர்த்து முப்பத்தாறு வருகிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சிறு தவறு என்று முதல் வரியில் எழுதிவிட்டேன். அதுவும் தவறாக இருக்கலாம்.

இந்த வரியோடு அக்சா பேனாவை மூடினாள். அவள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது தட்டச்சு வகுப்பினால். பகலில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வேலை, மாலையில் வீடு இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் தட்டச்சு. புத்தகத்தைப் பார்த்து அடித்தால் கை பழகும், புத்தி தூங்கிவிடும். தினம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதிக்கொண்டு வந்து அடியுங்கள் என்று மாஸ்டர் ஒருநாள் சொன்னார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அக்சா எட்டாவது மாதமாக எழுதுகிறாள். அப்படிச் சொன்னதை மாஸ்டரே மறந்துவிட்டார்.

தவறு எப்படி வந்தது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கம்பெனியில் பட்டியலில் ஒரு வரி என்றால் ஒரு பெட்டி. வரிக்கு டிக் போட்டால் பெட்டி ஏறிவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்குள் எத்தனை சுருள் இருக்கிறது என்பது வேறொருவர் கவலை. மூன்று வருடமாக அப்படிப் பழகிய கண், உபதேசியார் கொடுத்த பட்டியலில் 'குடும்பம்' என்று தலைப்பு இருந்ததைப் பார்க்கவே இல்லை.

வேறு மாதமாக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. மாதம் ஒரு வீடு என்று முறை வைத்து நடக்கிற ஜெபக்கூட்டம். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று சட்டம் கிடையாது. போடாமல் அனுப்பிய வீடும் கிடையாது. போன மாதம் ராஜபாளையத்தில் ஜெபா அத்தை வீட்டு முறை. ஜெபா, அக்சாவின் அப்பா ஞானராஜின் தங்கை. அன்றைக்குக் கோழிக்குழம்பு. கடைசிப் பந்தியில் ஏழு பேருக்குக் குழம்பு வந்தது, கோழி வரவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தி அக்சாவின் அம்மா அன்னத்தாய். பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. குழம்பைக் கையில் அள்ளி, டியூப்லைட் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, "கோழி குளிச்ச தண்ணிக்கே இம்புட்டு ருசின்னா, கோழி எம்புட்டு ருசியா இருந்திருக்கும் ஜெபா!" என்றாள்.

வீடே சிரித்தது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் வைத்துச் சிரித்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கூடத் தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்று ஜெபா சத்தியம் செய்தாள்.

"ஒங்க வீட்டு முறையும் வரும்லா மதினி," என்று மட்டும் அவள் அன்றைக்குச் சொல்லி வைத்தாள்.

வந்துவிட்டது.

அம்மா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு இதுதான் சரியான சமயம் என்று அக்சா நினைத்தாள். எப்படியும் கண்ணில் தண்ணீர் இருக்கிறது.

"ம்மா, பதினோரு பேர் இல்ல."

"கொறஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு."

"கூடிருச்சு."

"எம்புட்டு?"

"முப்பத்தாறு."

"முப்பத்தாறு பேரு கூடிருச்சா?"

"இல்லம்மா, எல்லாம் சேத்து முப்பத்தாறு. கூடினது இருபத்தஞ்சு."

அன்னத்தாய் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். அதை மடக்கி வைத்ததே தன் நன்மைக்குத்தான் என்று அக்சாவுக்குத் தோன்றியது.

"ஏட்டி, ஒன்ன நம்பித்தானட்டி ஆஸ்பத்திரியில ஆள அறுத்துக் கட்டுப் போடுதான்! ஒனக்குத் தலை எது, வரி எதுன்னு தெரியலியே!"

அடுத்த நிமிடம் ஞானராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்கிய மனிதர். எதற்குப் போகிறோம் என்பது பாதி வழியில்தான் அவருக்கு விளங்கியது. இருபது நிமிடத்தில் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"கார்த்திகை மாசம்லா. பாதி ஊரு மாலை போட்டிருக்கு. ரெண்டே ஆடுதான் வெட்டினானாம். பன்னெண்டு மணிக்கே கடையக் கழுவி விட்டுட்டான். வாசல்ல ஒரு நாய் மட்டும் உக்காந்திருந்துச்சு. எம் மூஞ்சியப் பாத்துட்டு அதுவும் நம்பிக்கை போயி எந்திரிச்சுப் போயிருச்சு."

"அப்பம் என்ன செய்ய?"

"கோழி வாங்கிரட்டுமா?"

"கோழியா?" அன்னத்தாயின் குரல் இறங்கியது. அது ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. "ஒங்க தங்கச்சிக்கு முன்னால நான் கோழி போடணுமா? ஆட்டுக்கறின்னு சொல்லியாச்சு. ஆட்டுக்கறிதான்."

மாதக் கடைசி. ஞானராஜ் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆட்டுக்கறிதான்," என்று உடனே ஒத்துக்கொண்டார். பிறகு, முப்பத்தாறு பேர் என்றதும் ஆலயத்துக்குப் போகிற எவருக்கும் தோன்றுகிற அதே வேடிக்கை அவருக்கும் தோன்றி, வாயைத் திறந்தார்.

"அந்த அஞ்சப்பம் ரெண்டு மீன் அற்புதத்தப் பத்திப் பேசினீகன்னா ஒங்களுக்கு ராத்திரி சோறு கெடையாது," என்றாள் அன்னத்தாய்.

அவர் வாயை மூடினார்.

அக்சா சமையல்கட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். காலையில் வாங்கிக் கழுவி வைத்த ஒன்றரைக் கிலோ கறியைத் தட்டில் பரப்பி எண்ணியதில் அறுபத்து மூன்று துண்டு. முப்பத்தாறு பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒன்றே முக்கால் துண்டு. முக்கால் துண்டை எப்படிப் பரிமாறுவது என்று அவள் உண்மையிலேயே யோசித்தாள். ஒருவர் கால்வாசி கடித்துவிட்டுக் கொடுத்தால் ஒழிய அதற்கு வழி இல்லை.

"துண்டாப் போட்டா எண்ணுவாக," என்றாள் அவள். "எண்ண முடியாம ஆக்கணும்மா."

"எப்படி?"

"எலும்பு தனி, சதை தனி. சதையக் கொத்தி, பொட்டுக்கடலை போட்டு அரைச்சுக் கோலா உருண்டை. ஆளுக்கு ரெண்டு. எல்லாத்துக்கும் ஒரே அளவு. யாரும் கொற சொல்ல முடியாது. எலும்ப வச்சுக் குழம்பு."

அன்னத்தாய்க்கு அந்த யோசனை பிடித்தது. பிடித்ததை மகளிடம் காட்டிக்கொள்ளாமல், "பொட்டுக்கடலை இருக்கான்னு பாரு," என்றாள்.

எண்ணினார்கள். எலும்பு இருபத்து நான்கு, சதை முப்பத்தொன்பது. இருபத்து நான்கு எலும்பில் பாதிக்கு மேல் நல்லி. கடைக்காரர் ஞானராஜுக்குப் பழக்கம் என்பதால் தொடைப் பக்கமாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். பதினோரு பேராக இருந்தால் இது பெருமை. முப்பத்தாறு பேருக்கு இது கலவரம். நல்லி விழுந்தவன் உறிஞ்சுவான். விழாதவன் அவன் வாயைப் பார்ப்பான்.

இந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் அந்த வீட்டில் ஒரு வாரமாகக் கறி இல்லை. கறி இல்லாத வீட்டுக்குக் காது கூர்மையாகிவிடும் போலிருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சேனைக்கிழங்கு ஒண்ணு கெடக்கு அன்னம். எட்டு கிலோ இருக்கும். கறி மாதிரியே நறுக்கிப் போட்டா இருட்டுல தெரியாது."

"வெளிச்சத்துல?"

"பசியில தெரியாது. ஆனா மாலை போட்ட வீட்டுக் கிழங்கு. கறிச்சட்டியில விழுந்தா சாமி குத்தம் ஆயிருமோன்னு இருக்கு."

"கிழங்கு மாலை போடலியேக்கா."

சண்முகத்தாய் செத்த நேரம் யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்று கிழங்கை உருட்டி அனுப்பினாள். கூடவே, "வாசம் மட்டும் இந்தப் பக்கமா வரட்டும். அதுல குத்தம் கெடையாது," என்றாள்.

எலும்புக்கு அக்சாதான் வழி கண்டுபிடித்தாள். கம்பெனியில் ஓரம் வெட்டி விழும் பேண்டேஜ் துணியை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்த வீட்டில் தயிர் வடிகட்டுவதும் அதில்தான், முறுக்கு ஆறப்போடுவதும் அதில்தான். அவள் மூன்று துண்டு எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கொதிக்க வைத்து, கட்டுக்கு எட்டு எலும்பு வீதம் மூன்று கட்டாகக் கட்டினாள்.

"இது என்னட்டி கூத்து?"

"சாறு மட்டும் குழம்புல எறங்கும்மா. ஆறே காலுக்கு ஆளுக வாரதுக்குள்ள மூணையும் வெளிய எடுத்து ரசத்துல போட்ருவோம். ஒரே எலும்பு, ரெண்டு வேலை. யாருக்கும் எலும்பு கெடையாது. யாருக்கும் கெடைக்கலேன்னா யாருக்கும் கோவம் வராது."

'உள்ளே 3' என்று காலண்டரில் எழுதப் போனாள். கம்பெனியில் அது முதல் பாடம். அறுவை செய்கிற இடத்தில் உள்ளே போன துணியும் வெளியே வந்த துணியும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்க வேண்டும். அதை எழுதி வைக்க வேண்டும்.

"கொழம்பு வைக்காளா, ஆப்பரேசன் பண்ணுதாளான்னு தெரியல," என்று அன்னத்தாய் காலண்டரைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாள். "வந்து உருண்டைய உருட்டு."

எண்பது உருண்டை வர வேண்டும். விருந்தாளிகளுக்கு எழுபத்திரண்டு, வீட்டார் மூன்று பேருக்கு ஆறு, சேதாரம் இரண்டு. நெல்லிக்காய் அளவு. பத்து உருண்டைக்கு ஒன்றை எடுத்து முதல் உருண்டையோடு ஒட்டிப் பார்த்துச் சரிபார்த்தாள் அக்சா. நாற்பதாவது சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அது பெரிதா, முதலாவது காய்ந்து சுருங்கிவிட்டதா என்று அவளுக்கு முடிவு செய்ய முடியவில்லை. அதற்குள் ஆறு மணி.

ஆறே காலுக்குப் பதில் ஆறு ஐந்துக்கே செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. "சீக்கிரம் எடுட்டி, வந்துட்டாக!" என்று அம்மா அவசரப்படுத்த, அக்சா நீளக் கரண்டியால் குழம்புச் சட்டியைத் துழாவிக் கட்டுகளை எடுத்து ரசத்துக்கு மாற்றினாள். ஒன்று. இரண்டு. மறுபடி துழாவினாள். சேனை, சேனை, சேனை.

மூன்று போட்டேனா, இரண்டு போட்டேனா?

மூன்று என்றுதான் ஞாபகம். ஆனால் பதினொன்று என்றும்தான் ஞாபகம் இருந்தது. இன்றைக்குத் தன் எண்ணிக்கையை நம்பித்தான் இந்த வீடு இந்த நிலைக்கு வந்திருக்கிறது. இரண்டாகத்தான் இருக்கும் என்று அவள் தன்னைத் தானே திருத்திக்கொண்டு கரண்டியைக் கழுவினாள்.

முப்பத்தாறு பேரும் வந்தார்கள். ராஜபாளையத்துப் பஸ்ஸில் வந்த கூட்டத்துக்கு முன்னால் ஜெபா அத்தை. நல்ல சேலை, நிறைந்த பூ, வெறும் வயிறு. "மதியம் ஒண்ணும் சாப்பிடல மதினி. ஒங்க வீட்டு விருந்துல்லா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு மாதத்து ஊறல் இருந்தது.

இப்போது புதுக் கவலை. இரண்டு அடுப்பில் ஒன்றில் சோறு வெந்துகொண்டிருந்தது. இருப்பது ஒரு அடுப்பு, ஒரு வாணலி. ஒரு ஈடுக்குப் பத்து உருண்டை, ஆறு நிமிடம். எண்பதுக்கு நாற்பத்தெட்டு நிமிடம். ஆனால் கூட்டம் நடத்த வந்திருந்தது ஆஸ்டின் உபதேசியார். இளவயசுக்காரர், புதிதாக வந்தவர், பன்னிரண்டு நிமிடத்தில் ஜெபத்தை முடிப்பவர். அதற்காகவே சபை அவரைக் கொண்டாடியது. பாட்டு இரண்டு, வேதவாசிப்பு, சின்னப் பிரசங்கம் எல்லாம் முடிந்து அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோது வெந்திருந்தது முப்பது உருண்டை.

அக்சா காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்: 'உபதேசியார் அண்ணன், தயவுசெய்து இன்னும் முப்பது நிமிடம். கோலா வேகவில்லை.' ஞானராஜ் அதைக் கொண்டு போய் உபதேசியாரின் முழங்கையைத் தொட்டார். ஆஸ்டின் ஒரு கண்ணை மட்டும் திறந்து படித்தார். மூடினார்.

முதலில் நோயாளிகளுக்காக ஜெபித்தார். அது வழக்கம். பிறகு மில் தொழிலாளருக்காக, ஸ்பிண்டிலில் நூல் அறாமல் ஓடுவதற்காக. பால்கோவா கிண்டுகிறவர்களுக்காக, அவர்களுக்குப் பால் தரும் எருமைகளுக்காக. அதற்குமேல் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. வாணலியின் சடசடப்பு மட்டும் கேட்டது. பிறகு, "ஆண்டவரே, இந்த ரயில் பாதையில் பயணம் செய்கிறவர்களை நினைக்கிறோம்," என்று மதுரையில் தொடங்கினார். திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, இறங்குகிறவர்களுக்காகவும் ஏறுகிறவர்களுக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார்.

சிவகாசி வரும்போது கோலா வாசம் கூடத்துக்குள் வந்துவிட்டது. ஆமென்கள் சத்தமாகின. "ராஜபாளையம்," என்றதும் ஜெபா, "ஆமென்!" என்று முடித்து வைக்கிற குரலில் சொன்னாள். ஆஸ்டின் நிற்கவில்லை. சங்கரன்கோவில், பாம்புகோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி. செங்கோட்டையில் பாதை முடிந்தது. வெந்தது அறுபது.

இரண்டாவது சீட்டு போனது: 'இன்னும் இரண்டு ஈடு.'

ஆஸ்டின் பெருமூச்சு விட்டார். "திரும்பி வருகிறவர்களையும் நினைக்கிறோம் ஆண்டவரே," என்று மறுபடி தென்காசியில் ஏறினார்.

"ரிட்டன் டிக்கெட்டும் எடுத்திருக்காரு போல," என்று பின்வரிசையில் ஒரு குரல் முணுமுணுத்தது.

கடைசி ஈடு இறங்கி ஆமென் விழுந்ததும் முதல் பந்தி பதினெட்டுப் பேர் பாய்ந்து உட்கார்ந்தார்கள். இலைக்கு இரண்டு கோலா, சோறு, சேனை மிதக்கும் குழம்பு, எலும்பு ரசம். அன்னத்தாய் பரிமாறிக்கொண்டே ஓரக்கண்ணால் முகங்களைப் பார்த்தாள். யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு இரண்டுக்கு மேல் இல்லை. அந்த இரண்டும் எல்லா இலையிலும் இருந்தது. சேனையைக் கடித்த ஒருவர், "கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கு," என்று பாராட்டக்கூடச் செய்தார்.

ஜெபா முதல் பந்தியில் உட்காரவில்லை. "ஆம்பளையளும் வயசானவகளும் சாப்பிடட்டும்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அன்னத்தாய்க்குத் தெரியும். கறி தீர்ந்துபோவது கடைசிப் பந்தியில்தான். தீரும்போது ஜெபா அங்கே இருந்தாக வேண்டும்.

இரண்டாவது பந்தி. ஜெபா கடைசி இலையில், சுவரோரம். கோலா வந்தது. இரண்டு. அவள் முகத்தில் ஏமாற்றம். குழம்புச் சட்டி அடிக்கு வந்துவிட்டது. அன்னத்தாய் சட்டியைச் சாய்த்து, கரண்டியால் வழித்து, ஜெபாவின் சோற்றில் கவிழ்த்தாள். தொப்பென்று ஏதோ விழுந்தது.

அடுப்படி வாசலில் நின்ற அக்சா அதைப் பார்த்தாள். மூன்றுதான் போட்டிருக்கிறேன், என்று நினைத்தாள். அந்த ஒரு நொடியில் தன் ஞாபகம் சரியாக இருந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. உடனே போய்விட்டது.

ஜெபா அதை இரண்டு விரலால் தூக்கினாள். மஞ்சளும் மசாலாவும் ஏறிய பேண்டேஜ் கட்டு; குழம்பு சொட்டியது.

"மதினி!" என்றாள். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த குரல். "ஒங்க ஆட்டுக்கு எங்கன அடிபட்டுச்சு? கட்டுப் போட்டிருக்கீகளே!"

கூடம் அதிர்ந்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போனவர்கள் ஈரக் கையோடு திரும்பி வந்தார்கள்.

"பஸ்ஸுல அடிபட்டுச்சா, கீழ விழுந்துச்சா?"

"தையல் எத்தனைன்னு கேளு!"

பேண்டேஜ் நெய்கிற ஊர்க்காரர்கள் ஆயிற்றே, கட்டைப் பார்த்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒரு பெரியவர் குனிந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "எழை நல்ல எழை. எக்ஸ்போர்ட் சரக்கு," என்றார். அன்னத்தாய் காலிச் சட்டியோடு சிலையாக நின்றாள்.

"உள்ள என்ன காயம்னு பாப்போம்," என்று ஜெபா முடிச்சை இழுத்தாள்.

துணி விரிந்தது. எட்டு எலும்பு. அதில் ஆறு நல்லி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொதித்து, பூப்போல வெந்து, ஒவ்வொன்றின் வாயிலும் வெண்ணெய் போல மஜ்ஜை தளும்பி நின்றது.

சிரிப்பு அப்படியே நின்றது. அன்றைக்கு அந்த வீட்டில் முப்பத்தைந்து இலையில் யாரும் எலும்பைக் கண்ணால் காணவில்லை.

"ஏ ஜெபா," என்றாள் பக்கத்து இலைக்காரி, "எல்லா நல்லியும் ஒனக்கா?"

அன்னத்தாய்க்கு உயிர் வந்தது. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பொறந்த வீட்டுப் பிள்ளைக்குன்னு தனியாக் கட்டி வச்சேன். கலந்து வேற யாருக்கும் போயிறக் கூடாதுல்லா. கட்டப் பாத்ததும் புரிஞ்சுக்கிட்டு அமுக்கமாத் திம்பான்னு நெனச்சேன். ஊரக் கூட்டுதா."

"எனக்கா மதினி?"

"பொறவு யாருக்கு?"

சொல்வதற்கு ஜெபாவிடம் இன்னும் நாலைந்து கேலி இருந்திருக்கும். இப்போது ஒன்றையும் சொல்ல முடியாது. இத்தனை பேருக்கு முன்னால் பிறந்த வீட்டு மரியாதை சோற்றின் மேல் ஆவி பறந்துகொண்டிருக்கிறது. அவள் குனிந்து முதல் நல்லியை எடுத்தாள். அடுத்த பத்து நிமிடம் அந்தக் கூடத்தில் உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எதிரே நின்றவர்கள் சும்மாவாவது எச்சில் விழுங்கிக்கொண்டார்கள்.

கை கழுவப் பின்பக்கம் வந்த ஜெபா, அடுப்படியில் ரசச் சட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். உள்ளே இரண்டு கட்டு கிடந்தன. அக்சா மூடியைத் தேடினாள். மூடி அவள் கையில்தான் இருந்தது.

"ஏட்டி. இது எந்தப் பொறந்த வீட்டுப் பிள்ளைக்கு?"

அக்சாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை. சொன்னால் அதைச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அதற்கு இப்போது தெம்பில்லை. "மூணு கட்டு போட்டேன் அத்தை. ரெண்டுதான் வெளிய எடுத்தேன்," என்றாள்.

"அப்பம் மதினி எனக்குன்னு கட்டல."

"இல்ல அத்தை."

கூடத்தில் முப்பத்துச் சொச்சம் பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஜெபா அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை போதும். அக்சா அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"எனக்குக் கல்யாணமாகிப் பத்தொம்பது வருசம்," என்றாள் ஜெபா, மெதுவாக. "ஒரு நல்லி எம் பங்குக்கு வந்ததில்லட்டி. ஒண்ணு மாமனாருக்கு, ஒண்ணு ஒங்க மாமாவுக்கு, பொறவு பிள்ளையளுக்கு. நான் சட்டிய வழிச்சுத் திம்பேன். இன்னைக்கு ஆறு. அம்புட்டுப் பேரு பாக்கப் பாக்க." அவள் விரலை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டாள். "இப்பம் வெளிய போயி இது தப்பி விழுந்த கட்டுன்னு சொன்னா யாருக்கு நட்டம்? மதினிக்கா? எனக்குத்தான்."

"ஆமா அத்தை."

"அதனால மதினி எனக்குன்னுதான் கட்டினா. ஏதோ நோட்டுல எழுதுவியாமே, அதுல மாத்தி எழுதிறாத."

"எழுத மாட்டேன் அத்தை."

ஜெபா போகப் போனவள் திரும்பி வந்தாள். குரல் இன்னும் இறங்கியது. "அந்த உருண்டையில கறி எம்புட்டு?"

"பாதிதான் அத்தை. மீதி பொட்டுக்கடலையும் வெங்காயமும்."

"பாதியா! நான் முழுக்கறின்னுலா நெனச்சேன்." அவள் விரலை மடக்கி ஏதோ கூட்டினாள். "செவ்வாக்கெழமை எம் மாமியா வீட்டு ஆளுக வாராக. பன்னெண்டு பேரு. முக்காக் கிலோ எடுப்போமா வேண்டாமான்னு இருந்தேன். அரைக் கிலோ போதும் போலிருக்கே. நாளைக்குச் சாயங்காலம் வந்து எனக்கு உருட்டிக் காமி. மதினிட்ட சொல்லாத."

எல்லாரும் போன பிறகு அன்னத்தாய் காலி வாணலியின் முன்னால் உட்கார்ந்தாள். சேதாரத்துக்கு வைத்த இரண்டு உருண்டையைக்கூட உபதேசியாருக்குக் கொடுத்தாயிற்று. அவர் செங்கோட்டைக்குப் போய்த் திரும்பியவர்.

"ஜெபா ஒன்ட்ட என்னட்டி பேசினா?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாவ."

"சொல்லத்தான செய்வா." அன்னத்தாய்க்குத் திருப்தி. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்தி குறைந்தது. "ஆனாலும் ஆறு நல்லிட்டி. எனக்கு ஒண்ணாவது எடுத்து வச்சிருக்கலாம்."

ஞானராஜ் ஷிப்டுக்குக் கிளம்பினார். அக்சா நோட்டைத் திறந்தாள். விருந்தினர் முப்பத்தாறு, கோலா எண்பது, பற்றாக்குறை இல்லை என்று எழுதினாள். கட்டைப் பற்றி ஒரு வரி எழுதத் தொடங்கி, யாருடைய தவறு, யாருடைய பொய், யாருடைய மரியாதை என்று பிரிக்க முடியாமல் விட்டுவிட்டாள். கீழே எழுதினாள்:

நாளை, திங்கள். தட்டச்சு மாஸ்டரிடம் ஒருநாள் விடுப்பு சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் பொட்டுக்கடலை கால் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு ஜெபா அத்தை வீட்டில் இருக்க வேண்டும்.